முரியலின் குதிகால்

கோபமே வராதவர்களுக்கு இந்தப் புதிரில் வேலையில்லை. வருகிறவர்கள் கதை முடியும்வரை அடக்கிக்கொள்ளுங்கள். பதில் சொல்லத் தெளிந்த புத்தி வேண்டும்.

பெரம்பூர் லெஸ்லி டிக்ரூஸ் பழம்பெரும் சாக்ஸபோன் கலைஞர். மாதா கோயில் பாட்டின் உருக்கத்தையும் நடன மேடையின் துள்ளலையும் ஒன்றாகக் குழைத்த சோல் ஜாஸ்தான் அவருடைய இசை. இளமையில் ரயில்வே மன்றத்தில் அவர் செய்த கச்சேரி ஒன்று டேப்பில் பதிவானது. அன்றைக்கு டிரம்ஸ்காரர் வரவில்லை. லெஸ்லியின் மனைவி முரியல் மரமேடையில் ஏறி, குதிகால் செருப்பால் தாளம் மிதித்தார். அதை நம்பித்தான் லெஸ்லி ஊதினார். முரியல் இப்போது உயிரோடு இல்லை. அவருடையது என்று மிஞ்சியிருந்த ஒரே ஓசை அந்த டேப்பில் இருந்தது.

அதை இசைத்தட்டாக்குகிறேன் என்று கம்பெனி முதலாளி மாதவராஜ் வாங்கிப்போனார்.

"ஒண்ணையும் மாத்தாத மேன்."

"கை வைப்பேனா அங்கிள்?"

வெளியீட்டு விழாவில் தட்டு சுழன்றது. சாக்ஸபோன் வந்தது. கூடவே புத்தம்புது டிரம்ஸ் வந்தது. குதிகாலைக் காணோம். உறையில் தாளத்துக்கு நேரே தினகரன் என்று பெயர் போட்டிருந்தார்கள். லெஸ்லி எழுந்துபோய், சுழலும் தட்டைப் பிடுங்கி முழங்காலில் வைத்து உடைத்தார்.

"என் முரியல் எங்க மேன்?"

கிழவருக்கு நன்றி கெட்ட புத்தி என்று கூட்டம் முணுமுணுத்தது. முணுமுணுத்தவர்கள் நாசமாய்ப் போகட்டும்.

"யாரோ கதவைத் தட்டுற சத்தம்னு நினைச்சோம் அங்கிள். அழுக்கைத் துடைச்சது மாத்துனதா ஆகுமா?" என்றார் மாதவராஜ்.

ஒலிப்பதிவாளர் சியாமளா தலையைக் குனிந்துகொண்டார். "எடுக்கச் சொன்னாங்க, எடுத்தேன் சார். டேப்பும் உதிர்ந்துபோச்சு. அந்தச் சத்தம் இனிமே எங்கேயும் இல்ல."

அந்த டிரம்ஸை வாசித்த தினகரனுக்கோ பெருமை தாங்கவில்லை. "அன்னிக்கு ஓடின தாளத்துல நான் ஒரு இடத்துலகூடத் தப்பல சார். சாக்ஸபோன் கேட்டா கை ஆடும்னு, ஹெட்போன்ல அதை அணைச்சுட்டே வாசிச்சேன். முதலாளி பக்கத்துலயே உக்காந்து தலையாட்டினாரு."

வாசகரே, இந்த மூவரில் பொய் சொன்னது யார்? லெஸ்லி தட்டை உடைத்தது சரியா?

விடை: சாக்ஸபோனை அணைத்துவிட்டால் ஹெட்போனில் வேறென்ன கேட்கும்? முரியலின் குதிகால்தான். அதைக் கணினியில் தனியே பிரித்துக் கொடுத்தவர் சியாமளா, பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியவர் மாதவராஜ். அது தாளம் என்று மாதவராஜுக்கும், கணினியில் பத்திரமாக இருக்கிறது என்று சியாமளாவுக்கும் நன்றாகத் தெரியும். உண்மை சொன்னவர் தினகரன் ஒருவர்தான், அதுவும் பெருமையடிக்கப் போய். ஏறிய ஏணியை எட்டி உதைத்தவர்களின் தட்டு அது, உடைத்தது சரி. லெஸ்லியும் இதைப் பிடித்துக்கொண்டார். அத்தனை பேரையும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு இழுத்துப்போனார். சியாமளா கணினியைத் திறந்தார். வெறும் மிதி ஓசை மட்டும் அறையை நிறைத்தது. கடைசிவரை கேட்டுவிட்டு லெஸ்லி மாதவராஜிடம் சொன்னார்: "இப்ப உறையில எழுது மேன். டிரம்ஸ், முரியல் டிக்ரூஸ்."