கரை ஒதுங்கிய குடிசைக்கால்

ஸ்காட்லாந்துக்கு மேற்கே, மருந்துக்குக்கூட ஒரு மரம் இல்லாத தீவு அது. கரை ஒதுங்கும் கட்டை எவன் கையில் முதலில் படுகிறதோ, அவனுக்கே சொந்தம். பாதிரியார் வீட்டுக் கூரையே ஏதோ ஒரு உடைந்த கப்பல்தான்.

அப்படிப்பட்ட ஊரில், குளிர்காலப் புயல் ஓய்ந்த காலையில், ஹெக்டர் வாசலுக்கே ஒரு நெடிய ஓக் கட்டை வந்து கிடந்தது. மற்றவனாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பான். ஹெக்டரோ அதைத் தொடக்கூட இல்லை. அதை இழைத்தவனே அவன்தான்.

நடுக்கடலில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் பாறைமேல் கலங்கரை விளக்கம் எழுப்ப வந்தவர் மர்டோ மேஸ்திரி. ஹெக்டரைவிட வயதில் சிறியவர். ஆனாலும் ஹெக்டர் அவருக்குச் சீடனாகி, வலை பிடித்த கையில் உளி பிடித்தான். அந்தப் பாறை அவன் தம்பியை விழுங்கியிருந்தது. மகன் யூவன் இப்போது அதே வழியாகத்தான் படகு விடுகிறான். விளக்கு எரிந்தால் பிள்ளை பிழைப்பான், அவ்வளவுதான்.

கொத்தர்கள் பாறையிலேயே தங்குவதற்காகக் கோடையில் ஒரு மரக்குடிசை கட்டியிருந்தார்கள். வாசலில் கிடந்தது அந்தக் குடிசையின் கால்.

ஹெக்டர் மேஸ்திரியிடம் ஓடினான்.

“குடிசை போச்சு மேஸ்திரி! அதோட கால் என் வாசல்ல கிடக்குது.”

“நல்ல கட்டையாச்சே. கூரைக்குப் போட்டுக்கும்.”

“விளையாடாதீங்க. ஒரு கோடை முழுக்க உழைச்சதைக் கடல் வழிச்சு எடுத்துட்டுப் போயிடுச்சு. இனிமே வேலைக்கு வர மாட்டோம்னு எல்லாரும் முரண்டு பிடிக்கிறாங்க. ஹெக்டர் என்ன சொல்றான்னு பார்க்கலாம்னு நிக்கிறாங்க.”

“நீர் என்ன சொல்லப் போறீர்?”

“என்னத்தைச் சொல்ல? அங்க நமக்கு என்ன மிச்சம் இருக்கு?”

மேஸ்திரி தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். “எனக்கும் தெரியலையே. அவங்களைக் கூப்பிடும். வேலைக்கு வேண்டாம், சும்மா பார்த்துட்டு வரலாம்.”

கடல் அடங்கியதும் எல்லோரும் ஒரே படகில் போனார்கள். பாறை கண்ணில் பட்டதும் ஹெக்டர் எழுந்து நின்றுவிட்டான். குடிசையும் இல்லை, உளிகளைக் காய்ச்சி அடிக்கும் கொல்லுலையும் இல்லை. சீல் என்கிற கடல்நாய்கள் மட்டும் வீட்டுக்காரர்கள் மாதிரி சாவகாசமாகப் படுத்திருந்தன.

“பார்த்தீங்களா, பார்த்தீங்களா?” என்றான். அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கவும் அவனுக்குத் தெம்பில்லை.

மேஸ்திரி பாறையில் இறங்கினார். வழுக்கி விழுந்தார், எழுந்தார். ஓரிடத்தில் மண்டியிட்டு, பாசியை வழித்து, சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு கையை உள்ளே விட்டார். முழங்கைவரை போயிற்று.

“இங்க வாரும் ஹெக்டர். இந்தக் குழி யார் வெட்டினது?”

ஹெக்டர் குனிந்து பார்த்தான். “நான்தான். குடிசைக்கால் நடுறதுக்கு வெட்டினது. அப்பப்பா, என்ன கல்லு! என் தோள்பட்டையே கழண்டு போச்சு.”

“கையை விட்டுப் பாரும்.”

விட்டான். குழியின் விளிம்பு, வெட்டிய அன்றைக்கு இருந்த மாதிரியே கூராக இருந்தது. ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. எழுந்து ஓடி அடுத்த குழியைத் தேடினான். அதுவும் இருந்தது. அதற்கடுத்ததும் இருந்தது.

“டேய், இருக்குடா! எல்லாமே இருக்குடா!” என்று படகைப் பார்த்துக் கத்தினான்.

அவ்வளவுதான். முரண்டு பிடித்தவர்களெல்லாம் தொப்புத் தொப்பென்று குதித்தார்கள். ‘இது என்னுது, அது உன்னுது’ என்று ஆளாளுக்குத் தன் குழியைத் தேடிப் பிடித்துக் கூச்சல் போட்டார்கள். சீல்கள் மிரண்டுபோய்க் கடலில் விழுந்தன. “அடச்சே, சுத்தியலைக் கொண்டாந்திருந்தா இப்பவே ஆரம்பிச்சிருக்கலாமே!” என்று ஒருவன் நொந்துகொண்டான்.

ஹெக்டர் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

“இவ்வளவு பெரிய புயலு! இதை மட்டும் எப்படி மேஸ்திரி விட்டுட்டுப் போச்சு?”

மேஸ்திரி சட்டைக்கையை இறக்கிவிட்டார்.

“நாம கொண்டுவந்து வச்சதை அது எடுத்துக்கிச்சு. நாம வெட்டி எடுத்ததை அதால திருப்பி வைக்க முடியுமா, என்ன?”