ஒரு வாசலுக்கு ஒரு பணம்

அந்தக் காலத்திலே அல்லிக்குளம் என்றொரு சீமை இருந்தது. அதைச் சித்திரகேது என்கிற ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து முப்பது வருஷமாக அல்லாடியவர் மந்திரி திருமேனியார். பாவம், அவருக்கு முழங்கால் வலி வேறு.

ராஜா ஒரு நல்ல காரியம் செய்தான். மலையடி ஏரியிலிருந்து சுடுமண் குழாய் பதித்துத் தெருத்தெருவாகத் தண்ணீர் கொண்டுவந்தான். அழுக்குத் தண்ணீர் போகச் செங்கல் சாக்கடையும் கட்டினான். கட்டியாயிற்று, உடைப்பைப் பூசவும் அடைப்பை எடுக்கவும் ஆள் வேண்டுமே, அவர்களுக்குக் கூலி வேண்டுமே? யாரிடம் எவ்வளவு வாங்குவது என்று சபையில் பேச்சு எழுந்தது.

தானாதிபதி மகுடேசர் துள்ளி எழுந்தார். மந்திரி பதவிமேல் அவருக்கு வெகுநாளாகக் கண். "இதற்கு யோசனை எதற்கு, மகாராஜா? ஊரிலுள்ள வாசல்களை எண்ணுவோம். வாசலுக்கு மாதம் ஒரு பணம். முடிந்தது!"

"ஆகா, எவ்வளவு சுலபம்!" என்று ராஜா கைதட்டினான்.

"தண்ணீரை வாசலா குடிக்கிறது, மகாராஜா?" என்று கேட்டார் மந்திரி.

"உமக்கு எதைச் சொன்னாலும் நொட்டைதான். உட்காரும்!"

மந்திரி உட்கார்ந்தார். உட்காரச் சொன்னதில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

இரண்டு மாதம் போயிற்று. செக்கடிச் சந்துப் பேச்சாயி மந்திரி வீட்டு முன்னால் வந்து நின்றாள். "சாமி, எங்க சந்துல நாப்பது அறை, நாப்பது குடும்பம், நாப்பது வாசல். ஒரு நாளைக்கு வீட்டுக்கு நாலு குடம் புழங்கினாலே அதிகம். மகுடேசர் ஐயா மாளிகைக்குப் பதினொரு வாசல் இருந்துச்சு. பத்தைச் செங்கல் வெச்சு அடைச்சுட்டு ஒத்தைப் பணம் கட்டுறாரு. எங்களுக்கு இருக்கிறதே ஒண்ணு. அதையும் அடைச்சுட்டுக் கூரையைப் பிரிச்சா இறங்குறது? பணம் கட்டலேன்னு வெள்ளிக்கிழமை எங்க குழாயை அடைக்கப் போறாங்களாம். மருமக பிள்ளை பெத்து ஒம்பது நாள்தான் ஆவுது, சாமி."

மந்திரிக்கு அழுகையும் வந்தது, அலுப்பும் வந்தது. "போய் வா, தாயி. பார்க்கிறேன்" என்றார். முப்பது வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை சொன்ன 'பார்க்கிறேன்' அது!

மறுநாள் சபையில் கேட்டார்: "மகாராஜா, செக்கடிச் சந்துக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டலாகாதா?"

மகுடேசர் குறுக்கே பாய்ந்தார். "சட்டத்தில் இரக்கம் ஏது? ஒரு பணம் என்பது அந்த வாசல் வழியாக வரும் தண்ணீருக்கும் போகும் தண்ணீருக்கும். சட்ட ஓலையில் இப்படித்தானே எழுதியிருக்கிறது, மந்திரியாரே?"

"இப்படியேதான் எழுதியிருக்கிறது. எழுத்துப் பிசகாமல் நடத்தலாமா, மகாராஜா?"

"தாராளமாக நடத்தும்!" என்றான் ராஜா.

அன்றைக்கே நாலு கொத்தனார்கள் மகுடேசர் மாளிகைக்குப் போனார்கள். கொல்லைப்பக்கம் போன சாக்கடையை மூடினார்கள். அங்கேதான் வாசலே இல்லையே! பணம் கட்டியிருந்த ஒரே தலைவாசல் வழியாகப் புதிதாக ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டார்கள். மகுடேசர் குதித்தார். அவர்கள் ஓலையைக் காட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை மகுடேசர் மகளுக்கு நிச்சயதார்த்தம். ராஜாவே பல்லக்கில் வந்தான், கூடவே மந்திரியும். இறங்கக் காலை வைத்தவன் அப்படியே இழுத்துக்கொண்டான். ஐம்பது பேர் குளித்த தண்ணீர், பந்திக்கு அரிசி களைந்த தண்ணீர், ஆறு மாடு கட்டிய தொழுவத்துத் தண்ணீர் எல்லாம் கோலத்தைக் கரைத்துக்கொண்டு படியில் இறங்கி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்த் திசையில் நடந்துகொண்டிருந்தார்கள்.

"சீ! என்ன ஐயா இது?"

"ஒரு பணத்துச் சாக்கடை, மகாராஜா" என்றார் மந்திரி. "நாற்பது பணத்துச் சாக்கடையும் பார்க்கலாம். பக்கத்தில்தான்."

செக்கடிச் சந்தில் குழாயை அடைக்கும் ஆட்கள் சுண்ணாம்புக் கலவையோடு தயாராக நின்றார்கள். பேச்சாயி குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பது வீட்டுத் தண்ணீரும் சந்துக் கோடியில் ஒரு சாண் அகலச் சாக்கடையில் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. ராஜா அதையே பார்த்தான்.

"கலவையை எடுத்துக்கொண்டு போங்கடா!" என்று கத்தினான். பிறகு, பின்னாலேயே ஓடிவந்திருந்த மகுடேசர் பக்கம் திரும்பினான். "வாசலை எண்ணச் சொன்னவரும் நீர், அடைத்தவரும் நீர். வெட்கமாக இல்லை?"

"பழைய வழியே விட்டுவிடுங்கள், மகாராஜா. பதினொரு பணமும் கட்டிவிடுகிறேன்" என்றார் மகுடேசர், ஈர வேட்டியைப் பிழிந்தபடி.

"பதினொன்றா? இனி சாக்கடையின் அகலத்தை அளந்து கட்டணம். சாணுக்கு எட்டுப் பணம். உமது வாய்க்கால் நாலு சாண். கட்டும், முப்பத்திரண்டு!"

"அரண்மனைச் சாக்கடை ஒன்பது சாண், மகாராஜா" என்றார் மந்திரி மெதுவாக.

ராஜா சுற்றிலும் பார்த்தான். இத்தனை பேர் முன்னால் என்ன செய்வான்? "கட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டுத் தன் பட்டுச் சால்வையைக் கழற்றி மந்திரிக்குப் போர்த்தினான். சந்தே ஆரவாரம் செய்தது. மந்திரி வீட்டுக்குப் போய்க் காலை நீட்ட வேண்டும் என்று மட்டும் நினைத்தார்.

மூன்றாம் நாள் காலையில் பேச்சாயி மறுபடி வந்தாள். பின்னால் சந்தே வந்திருந்தது.

"இன்னும் என்ன, தாயி? நாற்பது பணம் எட்டுப் பணமாகிவிட்டதே!"

"அதான் சாமி சண்டை. எட்டை நாப்பது பேரு எப்படிப் பிரிக்கிறது? தலைக்கு இம்புட்டுன்னா, கோடி வீட்டுக்காரி எருமை வளக்குறா. அதைத் தெனம் குளிப்பாட்டுறா. அவளுக்கும் எனக்கும் ஒரே பங்கா?"

"இவ மட்டும்? மருமக வந்ததிலேருந்து துணி தொவைச்சே சாக்கடையை ரொப்புறா!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மந்திரி சால்வையை மடித்து ஓரமாக வைத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "எல்லாரும் உட்காருங்கள்" என்றார். "முதலில் எருமையைச் சொல். எத்தனை?"