மறுபக்கத்துப் பதிவேடு

"ஒரே நிமிஷத்துல கடக்குற நாலுவழிச் சாலைக்குச் சிக்னல் எதுக்கு?" என்று ஊர்க்காரர்களின் மனுவை மடித்தார் ஆய்வுக்கு வந்த பொறியாளர் தணிகாசலம்.

பள்ளிக்கூடம் பெருக்கும் அன்னக்கொடி கும்பிட்டாள். "அதையே ஆய்வுப் பதிவேட்டுல எழுதிருங்கய்யா. எதிர்ப்பக்கம் பள்ளிக்கூடத்துல இருக்கு."

"போய் எடுத்துட்டு வா!"

"வெளிய எடுக்கக்கூடாதுன்னு உங்க ஆபீஸ் உத்தரவுங்களே."

தணிகாசலம் வீறாப்பாகச் சாலையில் கால் வைத்தார். லாரி அலறியது, கால் பின்வாங்கியது. அப்புறம் பஸ், டேங்கர், மறுபடி லாரி. இருபது நிமிஷத்தில் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

"உயிரே போயிரும்போல இருக்கே!" என்றவர், மடித்த மனுவைப் பிரித்து, ஜீப் மேலேயே வைத்துச் சிக்னலுக்குப் பரிந்துரை எழுதினார்.

அன்னக்கொடி தாளை வாங்கிக்கொண்டாள். "நீங்க பெரியவங்க, நின்னுட்டீங்க. போன ஆடியில எம்மக, மணியடிச்சிருச்சேன்னு நிக்காம ஓடிட்டாய்யா."