நாலு நாலு பேராக

கடலோரம் தானாக விளைந்த உப்பை அள்ளியதற்காக, உப்பங்கரை ஊரைச் சேர்ந்த நாலு பெண்களை வெள்ளைக்காரச் சர்க்கார் சிறையில் போட்டது. ஊர் கொதித்தது. இன்ஸ்பெக்டர் கோதண்டம் உடனே தண்டோரா போடும் சன்னாசியைக் கூப்பிட்டார்.

“தெருவுல அஞ்சு பேர் சேர்ந்து நிக்கக் கூடாது. இதை ஒருத்தர் விடாம ஊரே கேக்கணும். போய்ச் சொல்லுடா!”

சன்னாசி சந்தையில் நின்று தமுக்கடித்தான். தமுக்குச் சத்தம் கேட்டால் ஓடி வருவது ஊர் வழக்கம். இருநூறு பேர் கூடிவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் தடியோடு பாய்ந்து வந்தார்.

“கூட்டமாடா சேக்கிறே?”

“கூடாம எப்படிங்க எசமான் உத்தரவைக் கேப்பாங்க? கேக்காம எப்படிங்க அடங்குவாங்க?”

கூட்டம் சிரித்தது. இன்ஸ்பெக்டருக்கு மீசை துடித்தது.

“வீடு வீடாப் போய்ச் சொல்லித் தொலை!”

சன்னாசி போனான். வாசலுக்கு வாசல் நின்று உத்தரவைச் சொன்னான். “எதுக்கு இந்த உத்தரவு?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் அந்த நாலு பெண்களின் கதையையும் சொன்னான். சொல்லி முடிக்க எட்டு நாள் ஆயிற்று.

ஒன்பதாம் நாள் காலையில் இன்ஸ்பெக்டர் ஸ்டேஷன் கதவைத் திறந்தார். கடற்கரை வரைக்கும் நாலு நாலு பேராக, நடுவே பத்தடி இடம் விட்டு, ஊரே நின்றது. ஒருத்தர்கூட உத்தரவை மீறவில்லை.

இன்ஸ்பெக்டரின் குரல் இறங்கியது.

“உப்புதானே வேணும்? துரைகிட்டப் பேசி வாங்கித் தர்றேன். எல்லாரையும் போகச் சொல்லு.”

முன்னால் நின்ற சன்னாசி தமுக்கை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான்.

“உப்பு போன வாரம் கேட்டது, எசமான். இப்ப நாட்டையே கேக்கறோம்.”