அக்கா வரும் அத்தியாயம்

மயிலாடுதுறையில் ஒரு குருவும் சில சீடர்களும் இருந்தார்கள். குருவுக்கு முப்பத்து நாலு வயது. சீடர்களில் ஒருவருக்குக்கூட அறுபதுக்குக் குறைவில்லை.

குருவின் பெயர் செங்கமலம். நாலைந்து நாவல் எழுதியவள். பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு வந்து, நமக்கும் ஒரு கதை இருக்கிறதே என்று தவித்துக்கொண்டிருந்த சிலரைச் சேர்த்து வைத்துக்கொண்டு வருஷா வருஷம் ஒரு பந்தயம் நடத்தினாள். கார்த்திகை முதல் தேதி உட்கார வேண்டும். மாதம் முடிவதற்குள் ஒரு நாவலின் முதல் வரைவை முடித்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். நன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. முடிந்திருந்தால் போதும். அவளைக் கிண்டலாகத்தான் குரு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பிறகு கிண்டல் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

ஏன் கார்த்திகை ஒன்று என்று ஊர்க்காரர்கள் யாரும் கேட்கவில்லை. ஐப்பசி முழுக்கக் காவிரியில் முழுக்கு. கடைசி நாள் கடைமுகம். துலாக்கட்டப் படித்துறையில் கால் வைக்க இடம் இருக்காது. அதையும் தவறவிட்டவர்களுக்கு மறுநாள் முடவன் முழுக்கு. நடக்க முடியாத ஒருத்தன் எங்கிருந்தோ தவழ்ந்து தவழ்ந்து வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துபோனதாம். படித்துறையில் உட்கார்ந்து அழுதானாம். சாமி அவனுக்காக ஒரு நாளைச் சேர்த்துக் கொடுத்ததாம். அந்த நாள்தான் கார்த்திகை ஒன்று.

சீடர்களில் மூத்தவள் தையல்நாயகி. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். ஒவ்வொரு வருஷமும் முதல் ஆளாகப் பெயர் கொடுப்பாள். ஒரு வருஷமும் ஒரு வரி எழுதியதில்லை. சோம்பல் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அந்த ஊரிலேயே அவளைப்போல வேலை செய்தவர்கள் கிடையாது. எல்லாம் ஏற்பாட்டு வேலை.

அவள் எழுத நினைத்தது அக்காவைப் பற்றி. அக்கா மங்களம், ரயில்வே கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்த ஒரு வடக்கத்திப் பையனோடு இளம் வயதில் போய்விட்டாள். "எனக்கு ஒரே பொண்ணுதான்" என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் இருந்தவரை வீட்டில் அந்தப் பெயரை யாரும் எடுக்கவில்லை. அவர் போன பிறகு தையல்நாயகி தேடாத இடமில்லை. ஜபல்பூரில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அங்கே போனால், காலி செய்துகொண்டு எப்போதோ போய்விட்டார்கள் என்றார்கள். அத்தோடு சரி. இருக்கிறாளா இல்லையா என்பதுகூடத் தெரியாது.

நாவலில் அக்கா வீட்டுக்குத் திரும்பி வருவாள். நிஜத்தில் வராதவளை எழுதியாவது வரவழைத்துவிட வேண்டும் என்பது தையல்நாயகியின் ஆசை. வேறு ஆசை அவளுக்கு மிச்சமில்லை.

வருகிறவள் சும்மா வர முடியுமா? நாவலில் வாசல் கதவு பச்சை. என்ன பச்சை என்று தெரிய வேண்டாமா? பெயிண்டரைக் கூப்பிட்டுத் தன் வீட்டுக் கதவுக்கு அடித்துப் பார்த்தாள். பிடிக்கவில்லை. வேறு பச்சை அடிக்கச் சொன்னாள். அக்கா இறங்கும் நேரத்துக்கு நிழல் எந்தப் பக்கம் விழும் என்று பேருந்து நிலையத்தில் போய் உட்கார்ந்து பார்த்தாள். அக்காவுக்குப் பிடித்த வெந்தயக் குழம்பை வைத்து வைத்து, வாசனை தெரு வரைக்கும் போகிறதா என்று வாசலில் நின்று மோந்து பார்த்தாள். கடைக்குப் போய் ஒரு தலையணை வாங்கி வந்தாள். பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் அது அலமாரியில் இருந்தது.

அந்த வருஷம் கடைமுகத்தன்று காலையில், துலாக்கட்டக் கூட்டத்தில் முட்டி மோதிக் கரையேறிய குருவைத் தையல்நாயகி பிடித்துக்கொண்டாள்.

"குருவே, இந்த வருஷம் எல்லாம் ரெடி. ஆனா எதுவோ ஒண்ணு குறையற மாதிரியே இருக்கு. இன்னும் என்ன ஏற்பாடு பண்ணணும்?"

செங்கமலம் தலையைத் துவட்டிக்கொண்டே யோசித்தாள்.

"சாயங்காலம் வீட்டுக்கு வரேம்மா. பாத்துட்டுச் சொல்றேன்."

சொன்னபடி வந்தாள். கூடத்துச் சுவரில் சுண்ணாம்பு தெரியாத அளவுக்குச் சார்ட் பேப்பர்கள். இடம் போதாமல் மிச்சம் ஜன்னலோரத்துப் பிரம்பு நாற்காலியில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. தையல்நாயகி ஒவ்வொன்றாகக் காட்டினாள். இது தெரு, இது வீடு, இது சமையல், இது மழை வருகிற நாட்கள்.

"அக்கா எப்ப வர்றாங்க?"

"பத்தொன்பதாவது அத்தியாயம்."

"அவ்வளவு லேட்டாவா?"

"அதுக்குள்ள எல்லாத்தையும் சொல்லி வச்சுடணும்ல? அவ வர்றப்போ ஒண்ணும் குறையா இருக்கக் கூடாது. நேரா வந்து அந்தப் பிரம்பு நாற்காலியிலதான் உக்காருவா. சின்ன வயசுல அது அவ நாற்காலி."

"வந்து என்ன பேசுவாங்க?"

தையல்நாயகி சுவரைப் பார்த்தாள். அவ்வளவு பேப்பரில் அது எதிலும் இல்லை.

"வாசல்ல நின்னு தையலுன்னு கூப்பிடுவா. எல்லாருக்கும் நான் நாயகி. அவளுக்கு மட்டும் தையலு. அதுக்கு மேல..." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதுக்கு மேல தெரியல குருவே. அவ குரல் எனக்கு மறந்துக்கிட்டே வருது. முழுக்க மறக்கறதுக்குள்ள அவ வந்துடணும்."

செங்கமலம் எழுந்து வெளியே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெளியிலிருந்து கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"தாழ் போடலியே குருவே, தள்ளுங்க" என்றாள் தையல்நாயகி.

மறுபடியும் தட்டல். பிறகு ஒரு குரல்.

"தையலு..."

குருவின் குரல்தான். தையல்நாயகிக்கு அது தெரியும். தெரிந்தும் எழுந்து நின்றாள். அந்தப் பெயரை இன்னொருவர் வாயால் கேட்டு ஒரு ஆயுசே ஆகிவிட்டது. கதவுப் பக்கம் இரண்டு எட்டு வைத்தாள். அப்போதுதான் பிரம்பு நாற்காலி கண்ணில் பட்டது. அதன் மேல் பேப்பர் மலை.

"இதோ வந்துட்டேன்க்கா! ஒரு நிமிஷம்!"

தன் பாதி வயதுகூட ஆகாத பெண்ணை அக்கா என்று கூப்பிட்டது அவளுக்கு உறைக்கவே இல்லை. பேப்பர்களை வாரினாள். சரிந்து தரையெல்லாம் பரவியது. வரிசை மாறிவிடப் போகிறதே என்று குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்து அடுக்கினாள். முந்தானையால் நாற்காலியைத் துடைத்தாள். தலையணை ஞாபகம் வந்தது. ஓடிப்போய் எடுத்துப் பல்லால் கடித்து உறையைப் பிரித்தாள். வெயிலில் நடந்து வந்திருப்பாள், தண்ணீர் கொடுக்க வேண்டும்.

"தையலு..." இந்தத் தடவை குரல் தணிந்திருந்தது.

"வந்துட்டேன்க்கா, வந்துட்டேன்!"

பானையிலிருந்து தண்ணீர் மொண்டாள். கலைந்த தலையை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். அழுத முகத்தோடு நிற்கக் கூடாதென்று முகத்தையும் கழுவினாள். சொம்பைக் கையில் ஏந்திக்கொண்டு கதவைத் திறந்தாள்.

வாசலில் யாரும் இல்லை.

அந்த நொடியில் அவளுக்கு வந்தது நாவலில் வருகிற துக்கம் இல்லை. நிஜமாகவே ஒருத்தி வந்து திரும்பிப் போய்விட்டாள் என்றே தோன்றியது. படியிறங்கி ஓடினாள். சொம்புத் தண்ணீர் புடவையெல்லாம் சிந்தியது. கேட்டுக்கு வெளியே, தெருவில் நாலு வீடு தள்ளிச் செங்கமலம் நடந்துகொண்டிருந்தாள்.

"குருவே! ஏன் கிளம்பிட்டீங்க?"

செங்கமலம் நின்று திரும்பினாள்.

"நான் கிளம்பலம்மா. அக்காதான் கிளம்பிட்டாங்க."

"ஒரு நிமிஷம்தானே கேட்டேன்! வீடு அலங்கோலமா கெடந்துது. உக்கார ஒரு நாற்காலியாவது ஒழிச்சுப் போட வேண்டாமா?"

"அவங்க வீட்டைப் பாக்கவாம்மா வந்தாங்க?"

காவிரியில் முழுகிவிட்டு வருகிறவர்கள் ஈரத் துணியோடு அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சொம்பில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்ற தையல்நாயகி, சின்னப் பிள்ளை கேட்பது போலக் கேட்டாள்.

"மறுபடி வருவாளா?"

செங்கமலம் அவள் கையிலிருந்த சொம்பை வாங்கி, மிச்சத் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நாளைக்கு முடவன் முழுக்கும்மா" என்றாள்.