பித்தளைப் பானையும் அதுக்குள்ள இருந்ததும்

பெரியவங்களும் கேளுங்க, சின்னவங்களும் கேளுங்க, சொத்து வச்சிருக்கறவங்க மட்டும் கொஞ்சம் கிட்ட வந்து கேளுங்க. கடல் தாண்டி, கப்பல் தாண்டி, இங்கிலாந்துனு ஒரு குளிர் தேசம். நானூறு வருசத்துக்கு முன்னாடி அங்க ராஜர்னு ஒரு பெரிய குடியானவர் சாகக் கிடந்தாரு.

அந்த ஊர் வழக்கம் என்னன்னா, வீடும் நிலமும் மூத்தவனுக்கு. ஏன்னு கேட்டா, அவன் முதல்ல பொறந்துட்டானாம்! முதல்ல பொறக்கறதுக்கு அவன் என்ன பாடுபட்டான்? அதையெல்லாம் யாரும் கேக்கக் கூடாது.

பாதிரியார் இறகுப் பேனாவோட உக்காந்தாரு. ராஜர் சொல்லச் சொல்ல உயில் எழுதுனாரு. வீடும் வயலும் மூத்தவன் ஹம்ப்ரிக்கு. ஆடும் மாடும் இளையவன் கில்பர்ட்டுக்கு. கடைக்குட்டிப் பொண்ணு தாமசினுக்கு ஒரு பித்தளைப் பானை.

தாமசினுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். "ஏம்ப்பா, அவனுங்களுக்கு வயலும் மாடும், எனக்குப் பானையா? அதுவும் வெறும் பானையா?"

மனுசன் நிம்மதியா சாகணும்ல! "கத்தாதம்மா. பானையும், பானைக்குள்ள இருக்கறதும், என்னைக்கும் தாமசினுக்கேன்னு எழுதுங்க சாமி."

கில்பர்ட் போய்ப் பானைக்குள்ள எட்டிப் பாத்தான். முட்டைக்கோசுக் கஞ்சி, அதுவும் முந்தாநாளுது. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிச்சாங்க.

கடைசியா, பொஞ்சாதி மார்ஜரிக்கு மூணு. தோட்டத்துல கீழ விழற ஆப்பிள். கறுப்பு மாட்டோட பாலு. உசுரு இருக்கற வரைக்கும் அடுப்போரம் உக்கார ஒரு இடம். இதைச் சொல்லிட்டு ராஜர் கண்ணை மூடுனாரு.

முதல்ல ஆப்பிள் காலம் வந்துச்சு. ஹம்ப்ரி காயும் பழமுமா அத்தனையையும் மரத்துலயே பறிச்சு மூட்டை கட்டிட்டான். "கீழ விழறதுதான அம்மாவுக்கு? ஒண்ணும் விழலையே. எழுத்துல இருக்கறதுதான் சட்டம்."

அப்புறம் கில்பர்ட் கறுப்பு மாட்டைச் சந்தையில வித்துட்டு வந்தான். "மிச்சம் இருக்கறதெல்லாம் செவப்பு மாடு. செவப்பு மாட்டுப் பாலுன்னு அப்பா சொல்லலையே. எழுத்துல இருக்கறதுதான் சட்டம்."

அப்புறம் பனி கொட்டுச்சு. சமையல் முடிஞ்ச கையோட ஹம்ப்ரி அடுப்புல தண்ணியை ஊத்தி அணைச்சான். "அடுப்போரம் இடம்னுதான் எழுதியிருக்கு. தாராளமா உக்காரட்டும். நெருப்புன்னு எங்க எழுதியிருக்கு? எழுத்துல..."

"இருக்கறதுதான் சட்டம், தெரியும்"னா தாமசின்.

அம்மாவோட வெரலு நீலமாயிடுச்சு. ராத்திரி பகல்னு இல்லாம இருமுனா. அவளும் மகளும் இருந்த பின்பக்க அறையில அடுப்பே கிடையாது. இந்தக் குளிர்காலம் முழுக்க இப்படியே போச்சுன்னா அம்மா தாங்க மாட்டான்னு தாமசினுக்குத் தெரிஞ்சு போச்சு. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா பாதிரியார் படிச்ச உயிலை, கோவத்துலயே திட்டித் திட்டி வரி விடாம மனப்பாடம் பண்ணி வச்சிருந்தா. அன்னைக்கும் திட்டிக்கிட்டே சொல்லிப் பாத்தா. ஒரு வரிக்கு வந்ததும் நின்னுட்டா. ஒரு வாரம் வாயே திறக்கல. ஹம்ப்ரி, தங்கச்சி திருந்திட்டான்னு நெனச்சான்!

அந்த வாரக் கடைசியில ஹம்ப்ரிக்குச் சம்பந்தம் பேச வந்தாங்க. சுத்து வட்டாரத்துலயே பெரிய பண்ணைக்காரர், அவரோட மகள், சொந்தபந்தம் இருபது பேரு, கூடவே பாதிரியாரு. பொண்ணு வீட்டுக்கு முன்னாடி கஞ்சத்தனம் காட்ட முடியுமா? ஒரு பன்னி, நாலு வாத்து, ஒரு கூடை வெங்காயம். அவ்வளவையும் வேக வைக்கற அளவுக்கு அந்த வீட்ல ஒரே பானைதான் இருந்துச்சு.

எல்லாரும் தட்டு முன்னாடி உக்காந்தாங்க. வாசனை கூரையைத் தூக்குச்சு. ஹம்ப்ரி கரண்டியை எடுக்கக் கையை நீட்டுனான்.

"அண்ணே, கையை எடு. அது என்னோடது."

"கரண்டியா?"

"கறி."

ஹம்ப்ரி பல்லைக் கடிச்சுக்கிட்டு மெதுவாச் சொன்னான். "ஏய், மானத்தை வாங்காத."

"உன் மானத்தை அப்பா யாருக்கும் எழுதி வைக்கல. கறியை எனக்கு எழுதி வச்சிருக்காரு. பானையும், பானைக்குள்ள இருக்கறதும், என்னைக்கும் தாமசினுக்கே. அன்னைக்குக் கஞ்சி இருந்துச்சு, சிரிச்சீங்க. இன்னைக்குப் பன்னி இருக்கு. சிரிங்களேன்!"

பண்ணைக்காரர் பாதிரியாரைப் பாத்தாரு. பாதிரியார் கறியைப் பாத்தாரு, எச்சிலை முழுங்குனாரு. "நான்தான் எழுதுனேன். 'என்னைக்கும்'னுதான் இருக்கு"ன்னாரு.

"எழுத்துல இருக்கறதுதான் சட்டம், இல்லண்ணே?"ன்னா தாமசின், பானை மேல மூடியைப் போட்டுக்கிட்டே.

இருபது வயிறு ஒண்ணா கடமுடான்னு சத்தம் போட்டுச்சு. பண்ணைக்காரரோட மகள் ஹம்ப்ரியை ஒரு தரம் பாத்தா. இருமிக்கிட்டு நின்ன, மாமியாரா வரப்போறவளை ஒரு தரம் பாத்தா. அணைஞ்ச அடுப்பை ஒரு தரம் பாத்தா. "இந்த வீட்ல விதவைக்கு இதான் மரியாதையா?"ன்னு கேட்டா.

ஹம்ப்ரிக்கு வேர்த்துச்சு, அந்தக் குளிர்லயும்! "உனக்கு என்னடி வேணும்?"

"பேப்பரை எடுக்கச் சொல்லு."

கறி ஆறுறதுக்குள்ள எழுதியாகணும்னு பாதிரியாரோட பேனா பறந்துச்சு. மரத்துல இருந்தாலும் தரையில இருந்தாலும் மூணுல ஒரு பங்கு ஆப்பிள் அம்மாவுக்கு. கறுப்போ செவப்போ, எந்த மாடு கறக்குதோ அந்தப் பாலு. விடியறதுல இருந்து தூங்கற வரைக்கும் எரியற நெருப்பு, காஞ்ச விறகு, முதுகு சாய நாற்காலி. "காஞ்ச விறகுன்னு எழுதிட்டீங்களா சாமி? பச்சை விறகைக் கொண்டாந்து போடுவான், எனக்குத் தெரியும்." அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கையெழுத்து வச்சாங்க.

அப்புறம்தான் மூடி திறந்துச்சு. முதல் தட்டு அம்மாவுக்கு, திரும்ப மூட்டுன அடுப்போரம். கில்பர்ட் தட்டை நீட்டுனப்ப மட்டும், "வெங்காயம் போதுமா உனக்கு?"ன்னு கேட்டுட்டுத்தான் கறி போட்டா.

வயிறு நெறைஞ்ச பண்ணைக்காரர் ஏப்பம் விட்டாரு. "மாப்ள, கல்யாணத்துல எங்களுக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா யாருக்கு என்ன சொத்துன்னு கல்யாணப் பத்திரம் எழுதறப்ப உன் தங்கச்சி எங்க பக்கம் உக்காரட்டும்"னாரு.

இந்தக் கதை இவ்வளவுதான், கேட்டவங்க தட்டு நெறையட்டும், இந்த ஒண்ணை மட்டும் மறக்காதீங்க: எழுத்துல ஓட்டை தேடி அடுத்தவங்க பங்கைத் தின்னா, அதே ஓட்டை வழியா நம்ம பங்கும் ஒழுகிப் போகும்.