சாப்பிட்டாயா என்று கேட்ட குட்டி

கேளுங்கள். இது ராஜா கதை இல்லை. ராஜாக்கள் பிறப்பதற்கு அப்போது இன்னும் பல லட்சம் வருஷம் பாக்கி இருந்தது. எந்தக் கரையிலும் மனிதக் காலடி படாத அந்தக் காலத்தில், வெதுவெதுப்பான ஒரு கடலில் அனலி என்றொரு ராட்சதச் சுறா வாழ்ந்தாள். அவள் வாயைத் திறந்தால் ஒரு மாட்டுவண்டியே உள்ளே போய்விடும்.

பெரும்பாலான மீன்களுக்குக் கடல் குளிர்ந்தால் உடம்பும் குளிரும். ராட்சதச் சுறாக்களின் உடம்புக்குள்ளோ ஓர் அடுப்பு ஓயாமல் எரிந்தது. அதில் அனலிக்குத் தலைக்கனம் கொஞ்சம் உண்டு.

"எனக்கென்னடி பயம்? எந்தக் குளிரும் என்னை ஒண்ணும் பண்ணாது" என்று அண்டைவீட்டுக்காரியான வெள்ளைச்சியிடம் பெருமையடிப்பாள். வெள்ளைச்சி சின்ன ஜாதி வெள்ளைச் சுறா. கிடைத்ததைத் தின்பாள், கேட்டதற்குச் சிரித்துக்கொள்வாள்.

அடுப்பு எரிய விறகு வேண்டுமே! அனலிக்கு விறகு திமிங்கிலம். தினம் வேண்டும், நிறைய வேண்டும். கடல் குளிரக் குளிர இன்னும் வேண்டும். அதை அவள் யோசிக்கவே இல்லை.

ராட்சதச் சுறாக்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆழமில்லாத உப்பங்கழியில் குட்டியை ஈன்றுவிட்டு, தாய் வெளிக்கடலுக்குப் போய்விடுவாள். போகும்முன் குட்டியிடம் மூன்று விஷயம் சொல்வாள். அனலியும் தன் மகள் சிப்பியிடம் சொன்னாள்.

"பசிச்ச சுறாவுக்குப் பெத்த பிள்ளையும் அடையாளம் தெரியாது, சிப்பி. நானே கூப்பிட்டாலும் சாப்பிட்டாயான்னு கேளு. இல்லைன்னா வராதே. சாப்பிட்டேன்னு சொன்னா என் வயித்தைப் பாரு. ஒட்டியிருந்தா வராதே. நான் போறேன்னு சொல்லிட்டுப் போனாலும் நம்பாதே. பாறைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருப்பேன்."

கடுமையான பேச்சுதான். ஆனால் ஆயிரம் தலைமுறைக் குட்டிகளைக் காப்பாற்றிய பேச்சு அது.

பிறகு கடல் குளிர்ந்தது. திமிங்கிலங்கள் கண்காணாத கடலுக்குப் போய்விட்டன. உலகத்தின் இரு கோடியிலும் தண்ணீர் பனியாய் உறைய உறைய, இங்கே கடல் இறங்கிக்கொண்டே போனது. கழியின் முகத்துவாரத்தில் மணல்மேடு தலைகாட்டியது.

அனலி இரைதேடி அலைந்து அலைந்து வெறும் வயிற்றோடு திரும்பினாள். வழியில் வெள்ளைச்சி தன் குட்டிகளோடு எதிரே வந்தாள்.

"அக்கா, நாங்க மீன் போற பக்கம் போறோம். மூணு நாள்ல மணல் மூடி கழிவாசல் அடைஞ்சிடும். சிப்பியை வெளியே கூட்டிட்டு வந்துடுங்க. உங்களால முடியலைன்னா என்னோட அனுப்புங்க, நான் பார்த்துக்கறேன். அதோ அந்தத் தீவு முனையில காத்திருக்கேன்."

அனலி பதறிப்போய் முகத்துவாரத்துக்கு ஓடினாள். அவள் உள்ளே நுழைய ஆழம் இல்லை. சிப்பி வெளியே வர ஆழம் இருந்தது.

முதல் நாள் கூப்பிட்டாள். "சிப்பி, வாடி கண்ணு!"

"சாப்பிட்டாயா அம்மா?"

பெற்ற பிள்ளையிடம் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "இல்லைடி" என்றாள். சிப்பி பின்வாங்கிவிட்டாள்.

இரண்டாம் நாள், ராட்சதச் சுறா தீண்டாத பொடிமீன்களை வெட்கத்தை விட்டு விழுங்கிவிட்டு வந்தாள். "சாப்பிட்டேன், வாடி!" சிப்பி மெல்ல வாசல்வரை வந்து அம்மாவின் வயிற்றைப் பார்த்தாள். ஒட்டித்தான் இருந்தது. அந்த நொடியில், ஐயோ, அனலியின் வாய் தானாகத் திறந்துகொண்டது. அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் சிப்பி பார்த்துவிட்டாள்.

மூன்றாம் நாள் அனலி மணலில் வயிறு உரசக் கிடந்து சொன்னாள். "நீ பயந்தது சரிதான், என் தங்கமே. அதனால நான் போறேன். திரும்பி வரமாட்டேன். நான் போனதும் வெளியே வந்து, தீவு முனையில காத்திருக்கிற வெள்ளைச்சி சித்திகிட்ட போயிடு. அம்மா சொன்னதையெல்லாம் மறந்துடு."

சிப்பிக்கு அழுகை முட்டியது. "நீ இப்படித்தான் சொல்வேன்னு நீயே சொல்லியிருக்கியேம்மா!"

அனலி சொன்னபடியே போனாள். திரும்பிப் பார்த்தால் மகள் நம்பமாட்டாள் என்று, ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் போனாள். உள்ளே இருந்த அடுப்பு அணையும்வரை நீந்தினாள். பிறகு கடலின் அடியில் போய்ப் படுத்துவிட்டாள்.

சிப்பி நல்ல பிள்ளை. அம்மா பேச்சைத் தட்டவில்லை. பாறைக்குப் பின்னால் அம்மா இருக்கிறாள் என்றே நம்பிக் காத்திருந்தாள். அன்று மாலை மணல் மூடி வாசல் அடைபட்டது. தீவு முனையில் இருட்டும்வரை நின்றுவிட்டு, வெள்ளைச்சி தன் குட்டிகளை அழைத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் வம்சம் இன்றும் கடலில் திரிகிறது.

அந்தக் கழி இப்போது வெறும் மேடு. மழை மண்ணை அரித்தால் ஒரு குட்டிச் சுறாவின் விரல்நுனி அளவுப் பற்கள் சில அங்கே வெளியே தெரியும். தாய்ச் சுறாவின் உள்ளங்கை அளவுப் பல் ஒன்றுகூட அவற்றின் பக்கத்தில் கிடைத்ததில்லை.

பிள்ளைகளுக்குப் பயத்தைக் கற்றுக்கொடுப்பவர், அந்தப் பயத்தை எப்போது விடவேண்டும் என்பதையும் அன்றே கற்றுக்கொடுத்துவிட வேண்டும்.